கப்பலில் செலவழிக்கும் பணத்தை ஏறும் முன்பே கட்டுவது எப்படி? – சிங்கப்பூர் சொகுசுக் கப்பல் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

சொகுசுக் கப்பலுக்குள் சூதாட்டக் கூடத்தைத் தவிர வேறு எங்கும் ரொக்கம் நீட்டி எதையும் வாங்க முடியாது. ஏறும்போது கையில் தரும் அட்டைதான் அறைச் சாவி, அதுவே பணமும். ராயல் கரீபியன் கப்பல்களில் அதற்கு சீபாஸ் என்று பெயர். கார்னிவல் கப்பல்களில் செயில் அண்ட் சைன். பிரின்சஸ் கப்பல்களில் மெடாலியன் என்ற சிறு வட்டு. பிள்ளை குடித்த கோக், எடுத்த போட்டோ, மசாஜ், டிப்ஸ் எல்லாம் அந்தக் கணக்கில் ஏறிக்கொண்டே போய், கடைசி இரவில் மொத்தமாக உங்கள் கார்டில் விழும். டிக்கெட் விலையில் மூன்று வேளைச் சாப்பாடும் அடங்கியிருக்கிறதே, இனி என்ன செலவு என்று ஏறியவர்கள்தான் அந்த பில்லைப் பார்த்து மலைப்பார்கள்.

முன்கூட்டியே கட்டிவிட்டால் மலைப்பு குறையும். ஆனால் ‘முன்பணம்’ என்று எல்லோரும் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் மூன்று தனித்தனிச் சங்கதிகள். எது திரும்பி வரும், எது வராது என்பது மூன்றிலும் வேறு வேறு. இந்த வழிகாட்டி சென்னையிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய், ராயல் கரீபியன் கப்பலில் பினாங்கு, புக்கெட் பக்கம் நான்கு இரவு சுற்றி வரும் நால்வர் குடும்பத்தை மனதில் வைத்து எழுதியது. மற்ற கம்பெனிகளில் பெயர்களும் தொகைகளும் மாறும், முறை பெரும்பாலும் இதேதான்.

மூன்று வகை முன்பணம்

முதல் வகை டிப்ஸ். கப்பல்காரர்கள் இதை கிராஜுவிட்டி என்பார்கள். ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறும். ராயல் கரீபியன் 2024 நவம்பரில் நிர்ணயித்த அளவு சாதாரண அறைக்கு 18.50 டாலர், சூட் எனப்படும் பெரிய சொகுசு அறைக்கு 21 டாலர் (இந்த வழிகாட்டியில் டாலர் என்றால் அமெரிக்க டாலர்). பிள்ளைகளுக்கும் இதே தொகைதான். நான்கு பேர், நான்கு இரவு என்றால் 296 டாலர். கப்பலில் ஒரு சொட்டு பானம்கூட வாங்காத குடும்பத்துக்கும் இந்தச் செலவு உண்டு.

இரண்டாவது பேக்கேஜ்கள். பானங்கள், வைஃபை, தனிக்கட்டண உணவகம், துறைமுகச் சுற்றுலா ஆகியவை. இவற்றை கம்பெனியின் இணையதளத்திலோ ஆப்பிலோ க்ரூஸ் பிளானர் என்ற பக்கத்தில் வாங்கலாம்.

மூன்றாவது ஆன்போர்டு கிரெடிட். கப்பலில் எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கும்படி உங்கள் கணக்கில் முன்கூட்டியே நிற்கும் பணம். நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், உறவினர் பரிசாகப் போடலாம், டிக்கெட் எடுத்துத் தந்த முகவர் சலுகையாகவும் தருவார்.

பலரும் மூன்றாவதில் தொடங்குகிறார்கள். ‘ஒரு 300 டாலரைப் போட்டு வைத்துவிடுவோம், நிம்மதி’ என்று. மூன்றிலும் மோசமான தொடக்கம் அதுதான். ஏன் என்பது கீழே வருகிறது.

படி 1: இலவச கிரெடிட் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்

எதையும் கட்டுவதற்கு முன் முகவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். என் புக்கிங்கில் ஆன்போர்டு கிரெடிட் ஏதாவது சேர்ந்திருக்கிறதா? இருந்தால் அது ரிஃபண்டு ஆகக்கூடியதா, ஆகாததா? புக்கிங் உறுதிக் கடிதத்திலும் தொகை அச்சாகியிருக்கும்.

ரிஃபண்டு ஆகாத கிரெடிட் கடைசி இரவோடு செத்துவிடும். மீந்த தொகை கையில் வராது. அதனால்தான் கடைசி நாள் மாலையில் கப்பல் கடைகளில் தேவையில்லாத கைக்கடிகாரமும் வாசனைத் தைலமும் அப்படி விற்கின்றன.

டிப்ஸைப் பற்றிய முடிவு இங்கேதான் இருக்கிறது. உங்களிடம் ரிஃபண்டு ஆகாத கிரெடிட் 100 டாலர் இருந்தால் டிப்ஸை முன்கூட்டியே கட்டாதீர்கள். கப்பலில் தினமும் ஏறட்டும். அந்த 100 டாலரை டிப்ஸே தின்றுவிடும், வீணாகாது. மாறாக டிப்ஸையும் ஊரிலேயே கட்டிவிட்டு, பேக்கேஜையும் வாங்கிவிட்டுப் போனால், அந்த இலவசப் பணத்தைச் செலவழிக்க இடம் தேடி அலைய வேண்டியிருக்கும். சூதாட்டக் கூடத்தில் அது பொதுவாகச் செல்லாது.

கிரெடிட் எதுவும் இல்லையென்றால் டிப்ஸை முன்பே கட்டுவது நல்லது. பயணத்துக்கு முன் கம்பெனி விகிதத்தை உயர்த்தினாலும் ஏற்கெனவே கட்டியவர்களுக்குப் பழைய விகிதமே நிற்கும். முகவர் வழியாக ரூபாயிலேயே கட்டிவிடலாம் என்பது இன்னொரு வசதி.

படி 2: காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

பேக்கேஜ் விலைகள் கப்பலுக்குக் கப்பல், வாரத்துக்கு வாரம் மாறும். கீழே வரும் பேக்கேஜ் விலைகள் கணக்குப் போடும் முறையைக் காட்ட மட்டுமே.

மதுவும் அடங்கிய டீலக்ஸ் பானப் பேக்கேஜ் நாளுக்கு 75 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 18 விழுக்காடு சேவைக் கட்டணம் வரும். ஆக 88.50. தனியாக வாங்கினால் 14 டாலர் காக்டெயில் ஒன்று அதே 18 விழுக்காட்டோடு 16.52. ஐந்து குடித்தால் 82.60 தான், ஆறாவதில்தான் பேக்கேஜ் லாபம். தினமும் ஆறு, நான்கு நாளும். பினாங்கில் இறங்கி ஊர் சுற்றும் நாளிலும் அதே ஆறு.

இதில் இன்னொரு பூட்டு இருக்கிறது. ஒரே அறையில் ஒரு பெரியவர் இந்தப் பேக்கேஜை வாங்கினால், குடிக்கும் வயதுள்ள மற்றவர்களும் வாங்கியாக வேண்டும். ஆசியாவிலிருந்து கிளம்பும் ராயல் கரீபியன் கப்பல்களில் அந்த வயது 18. கணவர் குடிப்பார், மனைவி மோர்கூடக் கப்பலில் வேண்டாம் என்பார். ஆனாலும் இரண்டு பேருக்கும் பணம். நான்கு நாளுக்கு 708 டாலர். பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்கு இது கட்டுப்படியாகாது.

பிள்ளைகளுக்கு சோடா பேக்கேஜ் நாளுக்கு 13 டாலர் என்றால், கட்டணம் சேர்த்து 15.34. ஒரு கோக் 4 டாலர் என்றால் 4.72. நான்கு குடித்தால்தான் லாபம். தண்ணீர், சாதாரணக் காபி, தேநீர், காலையில் பஃபேயில் கிடைக்கும் பழச்சாறு எல்லாம் டிக்கெட்டிலேயே அடங்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வைஃபை கருவிக்கு ஒன்று என விற்கப்படும். ஒரு கருவிக்கு வாங்கி, இவர் வெளியேறிய பிறகு அவர் உள்ளே நுழைவது என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். நான்கு பேருக்கும் தனித்தனியே வாங்கத் தேவையில்லை.

துறைமுகச் சுற்றுலாவைப் பற்றி ஒன்று: கப்பலில் இருக்கும் பணம் கரையில் செல்லாது. பினாங்கில் நீங்களே டாக்சி பிடித்தால் மலேசிய ரிங்கிட் வேண்டும், புக்கெட்டில் தாய்லாந்து பாட் வேண்டும். தனியே சுற்றப் போகிறீர்கள் என்றால் அந்தத் தொகையைக் கப்பல் கணக்கில் போடாமல் கையில் வைத்திருங்கள்.

படி 3: கார்டைத் தயார் செய்யுங்கள்

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, புதிதாகத் தரப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும். நீங்களாகத்தான் வங்கி ஆப்பில் திறக்க வேண்டும். அங்கே இணையவழி, கடையில் தேய்ப்பது என்று தனித்தனிப் பொத்தான்கள் இருக்கும். க்ரூஸ் பிளானருக்கு முதலாவது, கப்பலுக்கு இரண்டும் தேவை. வெளிநாட்டு வரம்பையும் பாருங்கள். அது 20,000 ரூபாயில் நின்றால் கப்பல் உங்கள் செலவுக்கு உத்தரவாதமாக ஒரு தொகையைத் தடுத்துவைக்க முயலும்போது கார்டு மறுக்கும். உடனே உங்கள் சீபாஸ் முடங்கும். சாப்பாட்டுக்குப் பின் ஐஸ்கிரீம் கேட்டுப் போன பிள்ளை வெறுங்கையோடு திரும்பி வரும்.

விசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ் கார்டுகளால் பிரச்சினை இல்லை. ருபே கார்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

செலவும் தெரிந்திருக்க வேண்டும். இந்திய கிரெடிட் கார்டுகள் பலவற்றில் அந்நியச் செலாவணி மார்க்அப், அதாவது வெளிநாட்டுப் பணத்தில் செலவழித்தால் வங்கி கூடுதலாகப் பிடிக்கும் கட்டணம், 3.5 விழுக்காடு. அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. மொத்தம் 4.13. அதாவது 1,000 டாலர் செலவழித்தால் 41.30 டாலர் வங்கிக்கு. மார்க்அப் இல்லாத கார்டு வீட்டில் யாரிடமாவது இருந்தால் அதையே எடுத்துச் செல்லுங்கள்.

முகவரிடம் ரூபாயில் கட்டினால் இந்த 4.13 இல்லை. ஆனால் அவர் எந்த டாலர் விகிதம் போடுகிறார் என்று கேளுங்கள். பல சமயம் மார்க்அப் அந்த விகிதத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக விற்றால் டிசிஎஸ் என்ற வரியையும் பிடிப்பார். அது நஷ்டமல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ரசீதில் உங்கள் பான் எண் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

படி 4: புக்கிங்கைக் கணக்கோடு இணையுங்கள்

முகவர் மூலம் எடுத்த டிக்கெட்டாக இருந்தாலும், கம்பெனியின் ஆப்பில் நீங்களே கணக்குத் தொடங்கி அதில் சேர்க்கலாம். புக்கிங் எண், குடும்பப் பெயர், கப்பல், புறப்படும் தேதி கேட்கும்.

தமிழர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் பலருக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பாவின் பெயர் இருக்கும். முகவர் என்ன போட்டார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். சிலர் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடுவார்கள், சிலர் இனிஷியலை விரித்துப் போடுவார்கள். ஆப் ‘இப்படி ஒரு புக்கிங் இல்லை’ என்று சொன்னால் பதறாதீர்கள். புக்கிங் உறுதிக் கடிதத்தில் அச்சாகியிருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே அடியுங்கள். பாஸ்போர்ட்டோடு அது பொருந்தவில்லையென்றால் அப்போதே முகவரைத் திருத்தச் சொல்லுங்கள். துறைமுகத்தில் திருத்துவது தலைவலி.

படி 5: வாங்குங்கள், ஆனால் இறங்கும் விலைக்கு ஏமாறாதீர்கள்

பேக்கேஜ்கள் பெரும்பாலும் கப்பலில் வாங்குவதைவிட முன்கூட்டி வாங்கினால் மலிவு. விலை ஏறி இறங்கும், பண்டிகைக் காலங்களில் தள்ளுபடி வரும். க்ரூஸ் பிளானர் கடைசி நாள்வரை திறந்திருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். புறப்படுவதற்குச் சில நாள் முன்பே விற்பனை மூடும்.

அமெரிக்கப் பயணிகள் ஒரு தந்திரம் சொல்வார்கள்: முன்பே வாங்கிவிடு, விலை இறங்கினால் ரத்து செய்து குறைந்த விலையில் மறுபடி வாங்கு. டாலர் கார்டு வைத்திருப்பவருக்கு அது சரி. இந்தியக் கார்டில் பார்ப்போம். 354 டாலருக்கு வாங்கிய பேக்கேஜ் 330-க்கு இறங்கியது. 24 டாலர் லாபம் போலத் தெரியும். புதிய 330-க்கு மார்க்அப் 13.63 டாலர் விழும். பழைய 354-க்குக் கட்டிய மார்க்அப்பை வங்கி திருப்பித் தராவிட்டால் உண்மையான மிச்சம் சுமார் 10 டாலர்தான். ரிஃபண்டு வேறொரு நாளின் விகிதத்தில் வருவதால் அந்தப் பத்தும் கரையலாம். விலை பத்து விழுக்காட்டுக்கு மேல் இறங்கினால் ஒழிய மாற்றி வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மாற்றுவதாக இருந்தால் புதியதன் விலையை உறுதி செய்த பிறகே பழையதை ரத்து செய்யுங்கள்.

வாங்கியதும் ரசீதைப் படமெடுத்து போனில் சேமியுங்கள். கடலில் ஆப் திறக்காத நேரத்தில் அதுதான் சாட்சி.

முன்கூட்டிக் கட்டுவதற்கு இந்தியர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நடுக்கடலில் வங்கியின் ஓடிபி வருவது சந்தேகம். கப்பலின் செல்போன் கோபுரம் தனி, அதன் கட்டணம் மிக அதிகம், போனை ஏரோபிளேன் மோடில் போட்டு வைப்பதே புத்திசாலித்தனம். ஓடிபி தேவைப்படும் எதையும் கரையிலேயே முடித்துவிடுங்கள்.

படி 6: ஆன்போர்டு கிரெடிட் வாங்க வேண்டுமா?

உங்கள் சொந்தப் பணத்தில் உங்களுக்கே கிரெடிட் வாங்குவதில் லாபம் மிகக் குறைவு. தள்ளுபடி கிடையாது. இப்போதே மார்க்அப் கட்டுகிறீர்கள். மீந்தால் திரும்பி வருமா என்பது அந்தக் கிரெடிட்டின் விதியைப் பொறுத்தது. திரும்பினாலும் டாலரில், இன்னொரு மாற்று விகிதத்தில் வரும். செலவைக் கட்டுக்குள் வைக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால், அது செலவைத் தடுக்கவும் தடுக்காது. கிரெடிட் தீர்ந்ததும் கணக்கு உங்கள் கார்டுக்குப் போய்விடும்.

இரண்டு சமயங்களில் வாங்கலாம். அப்பா அம்மாவை அனுப்பிவைத்து அவர்கள் கார்டு எடுத்துப் போகாதபோது ஒன்று. புதுமணத் தம்பதிக்குப் பரிசாகக் கொடுப்பது இன்னொன்று. அப்போதும் மூன்று விஷயத்தைப் பாருங்கள்: ரிஃபண்டு உண்டா, யார் பெயரில் ஏறுகிறது, பயணம் ரத்தானால் பணம் வாங்கியவருக்கு வருமா பயணிக்கு வருமா. கிரெடிட் பெரும்பாலும் அறைக்கு அல்ல, ஒருவரின் கணக்கில் ஏறும். மாமனார் பெயரில் போட்ட 200 டாலர் அவர் கணக்கில் சும்மா கிடக்க, மாமியார் வாங்கியதெல்லாம் கார்டில் விழும். கெஸ்ட் சர்வீசஸ் என்ற பயணிகள் உதவிக் கவுண்ட்டரில் சொன்னால் மாற்றித் தருவார்கள், ஆனால் சொல்ல வேண்டும்.

படி 7: கப்பல் கணக்குக்கு எந்தப் பணம்?

பயணத்துக்குச் சில வாரம் முன்பு ஆப்பில் செக்-இன் செய்யும்போது, செலவுக் கணக்குக்கு கார்டா ரொக்கமா என்று கேட்கும். இங்கே செய்யும் தவறுதான் விலை உயர்ந்தது.

டெபிட் கார்டையோ, வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டையோ கொடுக்காதீர்கள். கப்பல் தினமும் செலவுக்கு ஏற்ப ஒரு தொகையைக் கார்டில் தடுத்துவைக்கும். கிரெடிட் கார்டில் அது வரம்பை மட்டும் குறைக்கும். டெபிட், ஃபாரெக்ஸ் கார்டில் உங்கள் சொந்தப் பணமே முடங்கும். இறுதி பில் தனியாக எடுக்கப்பட, பழைய தடுப்பு விலகச் சில நாள் ஆகும், சிலருக்குச் சில வாரம்கூட ஆகிறது. 500 டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில் 300 கப்பலிடம் மாட்டிக்கொண்டால், திரும்பி வந்து சிங்கப்பூர் ஓட்டலில் கட்டப் பணம் இருக்காது.

எங்களுக்குப் பிடித்த ஏற்பாடு இது: கிரெடிட் கார்டை வெறும் உத்தரவாதமாகக் கொடுங்கள். டாலர் ரொக்கம் எடுத்துப் போய், கடைசி நாள் மாலை கெஸ்ட் சர்வீசஸில் பாக்கியை ரொக்கமாகக் கட்டிவிடுங்கள். கார்டில் எதுவும் ஏறாது, மார்க்அப்பும் இல்லை. ஒரு பயணத்துக்கு நோட்டாக 3,000 டாலர் வரை எடுத்துச் செல்லலாம். அங்கீகாரம் பெற்ற நாணய மாற்றுக் கடையில் 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் பணத்தை வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். கடை சொல்லும் விகிதத்தை அன்றைய சந்தை விகிதத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் நான்கு விழுக்காட்டைத் தாண்டினால் கார்டே மேல்.

கார்டே வேண்டாம் என்றால் முழு ரொக்கக் கணக்கும் திறக்கலாம். முதல் நாளே முன்பணம் கட்ட வேண்டும், தீர்ந்ததும் மறுபடி வரிசையில் நின்று போட வேண்டும். மீந்தது கடைசியில் கையில் கிடைக்கும்.

படி 8: முதல் நாள் மாலையே சரிபாருங்கள்

ஏறிய அன்று கவுண்ட்டரில் கூட்டம் அதிகம், ஆனால் ஆப்பிலேயே கணக்கைப் பார்க்கலாம். டிப்ஸ் முன்பே கட்டியது பதிவாகியிருக்கிறதா? கிரெடிட் தெரிகிறதா? வாங்கிய பேக்கேஜ்கள் எல்லோர் அட்டையிலும் இருக்கின்றனவா? தப்பு இருந்தால் முதல் நாள் சொல்வதற்கும் கடைசி இரவு சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. கடைசி இரவில் உங்களுக்கு முன்னால் ஐம்பது பேர் நிற்பார்கள்.

பிள்ளைகளின் அட்டையில் செலவழிக்கும் வசதியை மூடிவிடுங்கள், அல்லது வரம்பு வையுங்கள். வீடியோ கேம் கூடத்தில் ஒவ்வொரு தேய்ப்பும் சில டாலர். பத்து வயதுப் பிள்ளைக்கு அது பணமாகவே தெரியாது.

பார் ரசீதில் கையெழுத்துப் போடும்போது கூடுதல் டிப்ஸுக்கு ஒரு வரி காலியாக இருக்கும். 18 விழுக்காடு ஏற்கெனவே சேர்ந்தாகிவிட்டது. அந்த வரியில் கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

படி 9: கடைசி இரவு

மாலை ஆறு மணிக்குள் பில்லை வரிக்கு வரி பாருங்கள். ரிஃபண்டு ஆகாத கிரெடிட் மீந்திருந்தால் அன்றே செலவழிக்க வேண்டும். ஊருக்கு எடுத்துப் போகக்கூடியதாக வாங்குங்கள். ரொக்கம் கட்டுவதானால் இப்போது கட்டி, பூஜ்யம் காட்டும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

சில கப்பல்களில் இறுதித் தொகையை ரூபாயில் எடுக்கட்டுமா என்று கேட்பார்கள், அல்லது செக்-இன் படிவத்திலேயே அதற்கு ஒரு டிக் போட்டிருக்கும். ரூபாய் என்று பார்த்ததும் மனம் இளகும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் போடும் விகிதம் வங்கியின் விகிதத்தைவிட மோசமாக இருக்கும், சில வங்கிகள் அதன் மேலும் ஒரு கட்டணம் போடும். டாலரிலேயே எடுக்கச் சொல்லுங்கள்.

ஊர் திரும்பியதும் கார்டின் வெளிநாட்டு வசதியை மூடும் அவசரம் வேண்டாம். அறை ஃபிரிட்ஜில் எடுத்த பானம் போன்ற தாமதக் கணக்குகள் ஓரிரு நாள் கழித்தும் வரும். ஏற்காத தொகை வந்தால், கடைசி இரவு பில்லின் நகலோடு கப்பல் கம்பெனிக்கு எழுதுங்கள். தடுத்துவைத்த தொகை இரண்டு வாரத்தில் விலகவில்லையென்றால் கேட்க வேண்டிய இடம் உங்கள் வங்கி, கப்பல் அல்ல. அப்போது பூஜ்யம் காட்டும் அந்த ரசீதை அனுப்பினால் வேலை சீக்கிரம் நடக்கும்.